ஆளில்லாத படங்கள்

எங்கள் ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதலில் என் கடைக்கு வருவார்கள், அடுத்து ஜெலூல் கடைக்குப் போவார்கள். நான் மணப்பெண்ணுக்கு உடையும் நகையும் வாடகைக்கு விடுபவள். ஜெலூல் போட்டோ எடுப்பவன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேலாக அவன் இருமலையும் சிரிப்பையும் கேட்டிருக்கிறேன். இப்போது ஊரில் பாதிப் பேர் அவனைத் திட்டுகிறார்கள், மீதிப் பேர் ஐயோ பாவம் என்கிறார்கள். இரண்டையும் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பொர்ஜ் ஸலாமா மாதிரி ஒரு சின்னக் கடற்கரை ஊரில் போட்டோ ஸ்டூடியோவுக்கு என்ன வேலை இருக்கும்? அடையாள அட்டை, சுன்னத்து, கல்யாணம். ஜெலூலும் அதைத்தான் செய்தான், சுமாராகச் செய்தான். அவன் எடுத்த படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பான். மாமியாருக்குப் பாதித் தலை இருக்காது.

"ஏண்டா, அந்தம்மா தலையை எங்கடா கொண்டு போய் வச்ச?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பின்னாடி ஒரு பச்சைத் திரை தொங்கிச்சு வஸீலாக்கா. அதுல வெளிச்சம் விழுந்து அப்படியே வழிஞ்சுது. அதையே பாத்துட்டு இருந்துட்டேன்."

"திரைக்கா கல்யாணம்?"

அதற்கும் சிரிப்பான். அவனை வைது ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்தக் கிறுக்கு அவனுக்குப் பட்டாளத்தில் பிடித்தது. எல்லாரையும் போல அவனும் கட்டாயச் சேவைக்குப் போனான். தலைநகரில் ஏதோ ஒரு பெரிய அரசாங்கக் கட்டடத்தின் கூடத்தில் காவல் நிற்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரே ஓவியம். மேலே மண் நிறம், கீழே நீலம், குறுக்கே கறுப்பாக ஒரு இழுப்பு. வேறு ஒன்றுமில்லை. முதல் வாரம் அதிகாரியிடம் போய், "இந்தப் பெயிண்டர் மிச்ச வேலைக்கு எப்ப வருவாருங்க?" என்று கேட்டிருக்கிறான். அதற்குத் தண்டனையாக சமையல்கட்டில் வெங்காயம் உரித்தான்.

"மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சுக்கா. அப்புறம் ஒரு நாள் காலைல ஜன்னல் வழியா வெயில் வந்து அது மேல விழுந்துச்சு. அது எதோட படமும் இல்ல. மரம் இல்ல, மனுசன் இல்ல. ஆனா காவல் மாத்த ஆள் வந்தும் நான் அங்கயே நின்னுட்டு இருந்தேன். எதுக்குன்னு கேட்டா இன்னிக்கும் சொல்லத் தெரியாது."

ஊர் திரும்பியதும் தூரிகை வாங்கி வரைந்து பார்த்தான். கை வரவில்லை. அவன் வரைந்த கழுதையைப் பார்த்து அவன் அம்மாவே மேசை என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்த ஓவியம் மாதிரி கேமராவில் எடுக்க முடியுமா என்று ஆரம்பித்தான். துருப்பிடித்த படகு, உரிந்த சுண்ணாம்பு, எண்ணெய் மிதக்கும் தண்ணீர் என்று கிட்டப் போய், இன்னும் கிட்டப் போய், அது என்னவென்றே தெரியாதபடி எடுப்பான். அதற்குச் சில சட்டங்கள் வைத்திருந்தான். தொடுவானம் வரக் கூடாது. ஆள் வரக் கூடாது. எது மேல், எது கீழ் என்று தெரியக் கூடாது. "இது எந்த இடம்னு எவனாவது கேட்டுட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்பான்.

கல்யாணத்துக்கு எடுக்கும் அதே கேமராதான். அது படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதியை அச்சடிக்கும். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தேதி இல்லாவிட்டால் தூக்கம் வராது. தனக்காக எடுக்கும்போது மட்டும் ஜெலூல் அதை அணைத்துவிடுவான். தேதி போட்டால் படம் அந்த ஒரு நாளுக்குள் அடைந்து கிடக்குமாம்.

இப்படி எடுப்பதற்கு எங்கள் ஊரைவிட நல்ல இடம் உலகத்திலேயே கிடையாது. அதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. கரையில் உர ஆலை நிற்கிறது. அதன் கழிவு ஒரு பெரிய குழாய் வழியாகக் கடலில் விழுகிறது. கடல் உள்வாங்கும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு தெரியும். அதில் மஞ்சள், துரு, பால் வெள்ளை, இன்னும் பெயர் வைக்காத ஒரு பச்சை என்று எல்லாம் படிந்து கிடக்கும். காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். ஜெலூல் அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு படம் எடுப்பான். அவன் படங்களில் நாற்றம் இல்லை. இதை அப்போதே யாராவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அவனுக்கு ஸஸ்ஸியா என்று ஒரே தங்கை. அவள் புருஷன் இத்தாலிக்குப் படகேறியவன், அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. தவ்ஹீதா என்று ஒரு மகளை வைத்துக்கொண்டு ஸஸ்ஸியா மட்டி தோண்டிப் பிழைத்தாள். எங்கள் பக்கத்தில் மட்டி தோண்டுவது பெண்கள் வேலை. கடல் உள்வாங்கியதும் முக்காட்டுக்கு மேல் ஓலைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் சின்ன அரிவாளோடு, குனிந்த முதுகு நிமிராமல் நடப்பார்கள். மணலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொட்டு ஓட்டை தெரிந்தால் கீழே மட்டி இருக்கிறது. எல்லாம் இத்தாலிக்குத்தான் போகும். எங்களில் யாரும் அதை வாயில் வைப்பதில்லை.

ஸஸ்ஸியாவுக்கு அண்ணன் மேல் உயிர், ஆனாலும் நாக்கு சும்மா இருக்காது. "நானும் இவனும் ஒரே சேத்துலதான் கெடக்கறோம். நான் மட்டியோட வரேன். இவன் சேத்தோட வரான்" என்பாள்.

ஒரு வருடம் பண்பாட்டு இல்லத்தில் அவன் படங்களை மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். மேசைக்கு விரிக்க என் பச்சை வெல்வெட்டைக் கொடுத்தேன். தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஒரு படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, "இது போட்டோவா? நான் ஓவியம்னுல்ல நெனச்சேன்!" என்றார். ஜெலூலுக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு மாதம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை ரொட்டிக் கடைக்காரன், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன் எல்லாரிடமும் சொன்னான்.

திறப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவனுக்கு மேடையில் பேசி வழக்கமில்லை, முகமெல்லாம் வேர்த்தது. ஆனால் நன்றாகத்தான் பேசினான். "இந்தப் படங்கள்ல கடலைத் தேடாதீங்க. கரையைத் தேடாதீங்க. நம்ம ஊரும் இதுல இல்ல. நிறம் மட்டுந்தான் இருக்கு" என்றான். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆலை மேலாளர் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார். இருப்பதிலேயே பெரிய படத்தை, மஞ்சளில் துரு நரம்பு ஓடும் படத்தை, அவரே வாங்கி ஆலையின் வரவேற்பறையில் மாட்டிக்கொண்டார்.

அதை எடுத்துப் போவதற்கு முன்னால் ஸஸ்ஸியா அதன் முன் நின்று, "இது நம்ம குழாயடிச் சேறுதானே?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

"ஷ்! சேறுன்னு பாக்காத ஸஸ்ஸியா. அப்படிப் பாத்தா ஒண்ணும் தெரியாது."

"எனக்கு அப்படித்தாண்டா தெரியுது" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அடுத்த மட்டிப் பருவம் தொடங்கிய வாரத்தில் அது நடந்தது. நான் அங்கே இல்லை. கூடப் போன பெண்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். குழாயில் எங்கோ உடைப்பு, அல்லது வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். அன்று சேறு முழுக்க முட்டைக் கரு மாதிரி மஞ்சள். ஸஸ்ஸியாவும் அவள் சிநேகிதி ஹூரியாவும் இன்னும் சிலரும் வழக்கமான பாதையில் போனார்கள். ஸஸ்ஸியா மட்டும் பாதையை விட்டு இடது பக்கம் விலகினாள். அங்கே மேலே காய்ந்த தோல் மாதிரி இருந்தது, உள்ளே பள்ளம். தொடை வரைக்கும் இறங்கிவிட்டாள். சேறு வெதுவெதுப்பாக இருந்ததாம். மற்றவர்கள் தூக்கிவிட்டார்கள். கடல் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு அவள் மறுபடி தோண்டப் போய்விட்டாள். கடல் திரும்பி வருவதற்குள் கூடை நிறைய வேண்டுமே.

சாயங்காலம் கால் சிவந்தது. மறுநாள் தோல் உரிந்து வந்தது. ஏற்கெனவே சர்க்கரை வியாதிக்காரி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காலை எடுத்தார்கள். எடுத்தும் பிழைக்கவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது, "அக்கா, தவ்ஹீதா கல்யாணத்துக்கு உங்க கடையில இருக்கிற அந்தத் தங்கப் பட்டை இடுப்புக்கச்சையை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். அதைச் சொன்ன வாய் இரண்டு நாளில் மூடிப்போனது.

ஆலையிலிருந்து வந்த அறிக்கையில், அன்றைக்குக் குழாயில் எதுவும் வரவில்லை, அந்தப் பெண் சர்க்கரை நோயாளி, அரிவாள் கிழித்த புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால் இறந்தாள் என்று இருந்தது. தவ்ஹீதாவுக்கு அப்போது பதினேழு பதினெட்டு வயசு இருக்கும். அவள் அழவில்லை. "என் அம்மா அழுக்கா இருந்து செத்தாங்கன்னு எழுதியிருக்காங்க. அதை அழிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அந்த ஒன்றுக்காகத்தான் வழக்குப் போட்டோம்.

வக்கீல் ரம்லா எங்கள் ஊர்ப் பெண், துடிப்பானவள். என் கடையில் வைத்து எல்லாரிடமும் பேசினாள். "சாட்சி சொல்ல நீங்க எல்லாம் இருக்கீங்க, சரி. ஆனா எல்லாரும் செத்தவங்களோட சிநேகிதிங்கன்னு தள்ளிடுவாங்க. அந்த நாள், அந்த இடம், அந்தக் குழாய். ஒரே ஒரு போட்டோ இருந்தா போதும், அவங்க வாயை அடைச்சிடலாம்."

"ஒரு போட்டோவா? ஒரு ரோல் முழுக்க இருக்கு!" என்று ஜெலூல் எழுந்துவிட்டான். தங்கை இறந்த பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. அன்று காலை அவனும் சேற்றில் படுத்திருந்தான் என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹூரியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓடிப் போய்ப் படங்களைக் கொண்டு வந்து என் மேசையில் பரப்பினான். எல்லாரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள். மஞ்சளில் துரு. இன்னொரு மஞ்சள். ரம்லா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல கடல் எங்க இருக்கு?"

"கடல் வராது."

"குழாய்?"

"குழாய் வந்தா படம் கெட்டுடும்னு..."

"ஆலையோட புகைக்கூண்டாவது?"

அவன் மீதிப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

"தேதி எங்க ஜெலூல் அண்ணே? கல்யாணப் படத்துல எல்லாம் போடுவீங்களே?"

அவன் மெல்ல உட்கார்ந்துவிட்டான். அப்போது தவ்ஹீதா ஒரு படத்தைக் கையில் எடுத்தாள். மஞ்சளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று இருந்தது. விரல் நகம் அளவுதான் இருக்கும். "இது அம்மா போர்வை" என்றாள். ஆமாம், மட்டி தோண்டப் போகும்போது ஸஸ்ஸியா மேலே சுற்றிக்கொள்ளும் சிவப்புக் கம்பளிப் போர்வைதான். ஜெலூல் வழக்கமாக ஓரத்தில் வருவதை வெட்டிவிடுவான்.

"இதை ஏன் மாமா வெட்டல?" என்று அவள் கேட்டாள்.

"அந்தச் சிவப்பு... அந்த எடத்துக்குப் பொருத்தமா இருந்துச்சு" என்றான். அவனால் பொய் சொல்ல முடியாது. அது அவன் குணம், அதை நல்ல குணம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இருந்தாலும் அந்தப் படங்களோடுதான் கோர்ட்டுக்குப் போனோம். வேறு என்ன இருந்தது எங்களிடம்?

ஆலை வக்கீல் வயதானவர், அத்தர் பூசியவர், குரலே உயராது. அவர் செய்த முதல் காரியம், வரவேற்பறையில் மாட்டியிருந்த அந்தப் பெரிய மஞ்சள் படத்தை இரண்டு பேரை விட்டுத் தூக்கி வரச் செய்ததுதான். அதை நீதிபதிக்கு முன்னால் நிறுத்தினார். பிறகு தலைகீழாகத் திருப்பி நிறுத்தினார்.

"ஜெலூல் அவர்களே, இப்ப சரியா இருக்கா, முன்னாடி சரியா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லது. இது உங்க பழைய படம். இப்ப நீங்க சாட்சியா கொண்டு வந்திருக்கிற படம் இதோ. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள் வித்தியாசம்னு படத்தைப் பாத்துச் சொல்ல முடியுமா?"

"படத்தைப் பாத்துச் சொல்ல முடியாது."

"எந்த இடம்?"

"குழாய்க்குக் கீழ."

"அது எனக்கு எப்படித் தெரியும்? இது ஒரு தட்டுல மிச்சமிருக்கிற குழம்பாக்கூட இருக்கலாம் இல்லையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் இன்னும் மென்மையாகக் கேட்டார். "பண்பாட்டு இல்லத்துல, இதே ஊர் ஜனங்க முன்னாடி, இந்தப் படங்கள்ல கடல் இல்ல, கரை இல்ல, நம்ம ஊரே இல்லன்னு நீங்க சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லுடா என்று எனக்குள் கத்தினேன். சொல்லியிருக்கலாம். யாரும் எழுதி வைக்கவில்லை. நான்கூட நான் கேட்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

"சொன்னேன்" என்றான்.

வக்கீல் உட்காரப் போனார். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோலத் திரும்பினார். "கடைசியா ஒண்ணு. உங்க தங்கை பல வருசமா நடந்த பாதை அது. அன்னிக்கு மட்டும் ஏன் அதை விட்டு விலகிப் போனாங்க? கவனக்குறைவுதானே?"

ஹூரியா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள். ஜெலூல் அந்த மஞ்சள் படத்தைப் பார்த்தான்.

"கவனக்குறைவு இல்லீங்க. நான்தான் போகச் சொன்னேன். நான் படுத்திருந்த எடத்துக்கு நேரா வந்தா. 'தள்ளிப்போ ஸஸ்ஸியா, படத்துல வராத'ன்னு கத்தினேன். 'கடலையும் உன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாரா நம்ம அப்பா?'ன்னு சிரிச்சுக்கிட்டே தள்ளிப் போனா."

அன்று கூடப் போன பெண்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கிறது. அண்ணன் மனசு உடைந்துவிடும், மகள் மனசு உடைந்துவிடும் என்று ஒருவருக்கொருவர் பேசிவைத்து மறைத்திருக்கிறார்கள். தவ்ஹீதா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்திருந்தவள் அதை விட்டுவிட்டாள்.

வழக்கு நிற்கவில்லை. அறிக்கையில் இருந்த வரி அப்படியே இருந்தது. நீதிபதி படங்களைச் சேர்த்து உறையில் போட்டு ஜெலூலிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "ரொம்ப அழகா இருக்கு. அசல் ஓவியம் மாதிரி. ஆனா சாட்சிக்கு ஆகாது" என்றார். அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜெலூல் கரைக்குப் போகவில்லை. அடையாள அட்டைப் படம் எடுத்தான். கல்யாணங்களில் யார் தலையும் வெட்டுப்படவில்லை, எல்லாருக்கும் கால் விரல் வரைக்கும் வந்தது, மூலையில் தேதி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் மட்டும் கேட்டது. தவ்ஹீதா அந்தத் தெருவுக்கே வருவதில்லை. அவனிடம் பேசுவதுமில்லை. "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன் அக்கா" என்று ஒருமுறை கேட்டான். சொன்னேன். "அவரு என்னத் தேடி வந்தா கதவைச் சாத்த மாட்டேன். அவ்வளவுதான் முடியும்" என்றாள் அவள்.

இந்த வசந்தத்தில் அவளுக்குக் கல்யாணம். தங்கப் பட்டைக் கச்சையை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருந்தேன், நானே கட்டிவிட்டேன். போட்டோ எடுக்க வேறு ஊரிலிருந்து ஒருவனை வரவழைத்திருந்தாள். பிறந்த வீட்டை விட்டுப் பெண் வெளியே வரும்போது அப்பா தன் புர்னூஸ் அங்கியை விரித்து, அதன் கீழே, தன் கைக்கு அடியில் அவளை அழைத்து வர வேண்டும். அப்பா இல்லாவிட்டால் தாய்மாமன். அது எங்கள் வழக்கம். யாரும் கூப்பிடாமலே ஜெலூல் வந்திருந்தான். வெள்ளைக் கம்பளி புர்னூஸ், துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கையை விரித்தபடி நின்றான்.

தவ்ஹீதா நிலைப்படிக்கு வந்தாள். குலவைச் சத்தம் எழுந்து பாதியில் நின்றது. எல்லாரும் அவளைத்தான் பார்த்தோம். போட்டோக்காரன் எதிரே முட்டி போட்டுக் கேமராவைத் தூக்கினான்.

"மாமா, தள்ளிப் போங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "படத்துல வராதீங்க."

ஜெலூல் விரித்த கையை இறக்கினான். எதிரே இருந்த கேமராவை ஒருமுறை பார்த்தான், அதிலிருந்து வாசலை ஒருமுறை பார்த்தான். எந்த இடத்தோடு படம் முடிகிறது என்று அவனுக்குத் தெரியும். அலரிச் செடித் தொட்டியைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்றான். வெள்ளைக் கம்பளியின் ஓரம் இன்னும் உள்ளே விழும் என்று பட்டிருக்க வேண்டும், அதையும் இழுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். தவ்ஹீதா தனியாக வெளியே நடந்து வந்தாள்.